தானியங்கி கிளட்சா, தானியங்கி கியரா?

கேள்வி: 250 சிசி எண்டியூரோ வண்டியில் (கரடுமுரடான பாதைகளுக்கான மோட்டார் சைக்கிள்) கற்பாறையும் வேர்களும் நிறைந்த மலைப்பாதைகளில் ஓட்டி வருகிறேன். இடது மணிக்கட்டில் அடிபட்டது முதல் கிளட்ச் லீவரை நெடுநேரம் இயக்க முடியவில்லை. தானியங்கி கிளட்ச் பொருத்திக்கொள்வதா, முழுத் தானியங்கி வண்டிக்கே மாறிவிடுவதா?

பதில்: தானியங்கி கிளட்ச் பொருத்திக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர் உள்ளதால் வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். தானியங்கி கிளட்ச், கிளட்ச் லீவரைப் பிடித்து விடும் வேலையை மட்டுமே ஏற்கிறது; கியரை வழக்கம்போல் இடது காலால் நீங்களே மாற்ற வேண்டும். எஞ்சின் சுழற்சி கூடும்போது மையவிலக்கு விசையால் உள்ளிருக்கும் எடைகள் வெளிப்புறம் நகர்ந்து கிளட்ச் தகடுகளை நெருக்கி, எஞ்சினின் ஆற்றலைச் சக்கரத்துக்கு அனுப்புகின்றன. சுழற்சி ஐட்லிங் அளவுக்கு (ஆக்சிலேட்டரை முறுக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடும் நிலைக்கு) இறங்கியதும் தகடுகள் விலகிவிடுவதால், பாறையில் முட்டி வண்டி நின்றாலும் எஞ்சின் அணைவதில்லை. 1958இல் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியில் இருந்ததும் மையவிலக்கு கிளட்ச்தான். இன்று ரெக்ளூஸ் போன்ற நிறுவனங்கள் தரும் தானியங்கி கிளட்ச் தொகுப்புகளில் பலவற்றில் கிளட்ச் லீவரும் அப்படியே இருக்கும். வேண்டியபோது விரல் வைத்தால் போதும்.

கியர் உள்ள முழுத் தானியங்கியிலோ எந்த கியர் என்பதையும் கணினியே முடிவு செய்கிறது. ஹோண்டா ஆஃப்ரிக்கா ட்வின் என்னும் பெரிய நெடும்பயண மோட்டார் சைக்கிளின் இரட்டை கிளட்ச் அமைப்பில் 1, 3, 5ஆம் கியர்களுக்கு ஒரு கிளட்ச்சும், 2, 4, 6ஆம் கியர்களுக்கு மற்றொன்றும் இருப்பதால் மாற்றம் தடங்கலின்றி நடக்கிறது. நாள் முழுவதும் மண்சாலையில் செல்லும் நெடும்பயணத்துக்கு அது மிக அருமையான ஏற்பாடு. ஆனால் பத்தடி முன்னே இருக்கும் படிப்பாறையை உங்கள் கண் பார்க்கிறது, கணினி பார்ப்பதில்லை; ஏற்றத்தின் நடுவில் அது தானாக மேல் கியருக்குப் போய்விட்டால் சக்கரத்தின் இழுவை அங்கேயே குன்றும். பொத்தானை அழுத்தி நாமே கியர் மாற்றும் வழியும் அதில் உண்டு என்றாலும், 240 கிலோவை ஒட்டிய எடையை ஒடுங்கிய பாதையில் திருப்பித் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கும். அதுவே உங்கள் மணிக்கட்டுக்குக் கிளட்ச்சைவிடப் பெரிய சோதனை.

பொருத்திய பின் அலட்சியம் வேண்டாம். லீவர் உள்ள வகையில், எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது கிளட்ச் லீவரைக் கைப்பிடியோடு ஒரு ரப்பர் வளையத்தால் இணைத்து, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பாருங்கள். கிளட்ச் தகடுகளின் இடைவெளி அளவு சரியாக இருந்தால் லீவர் தானாகவே சிறிது கைப்பிடிப் பக்கம் நகரும். நகராவிட்டால் தகடுகள் முழுவதும் நெருங்காமல் வழுக்குகின்றன, விரைவில் கருகிப்போகும் என்று பொருள். தகடுகள் தேயத் தேய இந்த அளவு மாறும் என்பதால், ஒவ்வொரு முறை வண்டி எடுப்பதற்கு முன்னும் இதைச் செய்துவிடுவது நல்லது.

செங்குத்தான இறக்கத்தில் சுழற்சி மிகவும் இறங்கினால் கிளட்ச் விடுபட்டு, எஞ்சின் தரும் பிடிப்பு இல்லாமல் வண்டி உருளத் தொடங்கும். ஆக்சிலேட்டரை ஒரு கணம் லேசாகத் தொட்டால் பிடிப்பு திரும்பிவிடும். இதைச் சிறிய சரிவுகளில் பழகிக்கொண்டு பெரிய இறக்கத்துக்குப் போங்கள். எஞ்சினை அணைத்த பின் கியரில் விட்டாலும் வண்டி நிற்காது என்பதால், சரிவில் நிறுத்தும்போது முன் பிரேக் லீவரை இறுக்கிக் கட்ட ஒரு வார்ப்பட்டையை எப்போதும் கைவசம் வைத்திருங்கள்.