மிடி நோட்டும் சேனலும் தானாக மாற: கேள்வி பதில்

மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் எண்களால் பேசிக்கொள்ளும் முறை. டிரம் பேட், கீபோர்டு, சாம்பிள் லைப்ரரி (பதிவு செய்த ஒலிகளின் தொகுப்பு) ஆகியவற்றின் நோட் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. நோட்டுகளை 0 முதல் 127 வரையுள்ள எண்ணாலேயே சொல்கிறேன். ஏன் என்பது முதல் பதிலிலேயே தெரியும்.

கேள்வி: லைப்ரரி மேனுவலில் கிக் டிரம் சி1 என்று போட்டிருக்கிறது. ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் சி1-இல் நோட் வைத்தால் சத்தமே வரவில்லையே?

பதில்: கேபிளில் போவது எண் மட்டும்தான். பெயர் ஒவ்வொரு மென்பொருளும் தானாக ஒட்டிக்கொள்வது. நோட் 60-ஐ கியூபேஸ், லாஜிக், ஏபிள்டன் லைவ் மூன்றும் சி3 என்கின்றன. ரீப்பர் சி4 என்கிறது, எஃப்எல் ஸ்டுடியோ சி5 என்கிறது. ஆகவே உங்கள் கிக், அதாவது நோட் 36, ரீப்பரில் சி2. ரீப்பரின் பிரிஃபரன்சஸில் ஆக்டேவ் பெயரை நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் மேப் (எந்த எண் எந்த எண்ணாக மாற வேண்டும் என்ற அட்டவணை) எழுதும்போது எண்ணைப் பார்ப்பதே நல்லது.

கேள்வி: ரோலண்ட் கிட்டில் ஸ்னேர் தோல் 38, விளிம்பு 40. என் லைப்ரரியில் இரண்டும் தலைகீழ். 38-ஐ 40 ஆக்கும் ப்ளக்இன் ஒன்று, அடுத்து 40-ஐ 38 ஆக்கும் ப்ளக்இன் ஒன்று போட்டேன். இப்போது எதை அடித்தாலும் 38தான் வருகிறது.

பதில்: வரத்தான் செய்யும். முதல் ப்ளக்இன் எல்லாவற்றையும் 40 ஆக்கிவிட்டது, இரண்டாவது அத்தனையையும் 38 ஆக்கிவிட்டது. இடமாற்றத்தை வரிசையாகச் செய்யக் கூடாது. 128 இடம் உள்ள ஒரே அட்டவணையில், வந்த எண்ணைப் பார்த்து போகும் எண்ணை எடுக்க வேண்டும். தனித்தனி ப்ளக்இன்தான் இருக்கிறது என்றால் யாரும் பயன்படுத்தாத ஒரு எண் வழியாகச் சுற்றிப் போங்கள்: 38-ஐ 127 ஆக்கு, 40-ஐ 38 ஆக்கு, பிறகு 127-ஐ 40 ஆக்கு.

கியூபேஸின் டிரம் மேப்பில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஐ-நோட் என்பது உள்ளே வரும் எண், ஓ-நோட் என்பது வெளியே போகும் எண். ஓ-நோட்டை மட்டும் தொடுங்கள். ஒரே ஐ-நோட்டை இரண்டு வரிக்குக் கொடுக்க கியூபேஸ் விடாது, தானே இடம் மாற்றிவிடும். பலர் அதைப் பழுது என்று நினைத்துக் குழம்புகிறார்கள்.

கேள்வி: லாஜிக் ஸ்கிரிப்டரில் (லாஜிக்கில் சொந்தமாக நிரல் எழுதும் ப்ளக்இன்) எழுதிய மேப் டிரம்ஸுக்கு நன்றாக ஓடுகிறது. ஸ்ட்ரிங்ஸில் போட்டால் சில நோட்டுகள் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கின்றனவே அண்ணா?

பதில்: டிரம்ஸிலும் அதே பிழை இருக்கும் தம்பி. அடித்த ஒலி தானாக அடங்கிவிடுவதால் தெரியவில்லை. மூன்று இடத்தில் பாருங்கள்.

முதலாவது, நோட்-ஆனை (கட்டையை அழுத்தியதும் போகும் செய்தி) மட்டும் மாற்றிவிட்டு நோட்-ஆஃபை (விடும்போது போவது) அப்படியே விட்டிருக்கலாம். சில கீபோர்டுகள் நோட்-ஆஃப் அனுப்பாமல் வெலாசிட்டி (அடியின் வேகம்) 0 உள்ள நோட்-ஆனை அனுப்பும். மிடி விதிப்படி அதுவும் நோட்-ஆஃப்தான்.

அடுத்தது, விரல் கட்டையில் இருக்கும்போதே மேப் மாறுவது. 60-ஐ அழுத்தியபோது 72 போயிருக்கும். விரலை எடுப்பதற்குள் டிரான்ஸ்போஸ் மாறினால் ஆஃப் 67-க்குப் போகும், 72 அநாதையாக ஒலித்துக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து நினைவகம். 16 சேனல் (ஒரே கேபிளில் ஓடும் தனித்தனி வழிகள்), 128 நோட், மொத்தம் 2048 இடம். நோட்-ஆன் வரும்போது எந்த எண்ணாக, எந்தச் சேனலில் அனுப்பினோம் என்று எழுதி வையுங்கள். நோட்-ஆஃப் வரும்போது மேப்பைப் பார்க்காதீர்கள், எழுதி வைத்ததைப் படித்து அனுப்புங்கள்.

கடைசியாக, இரண்டு எண் ஒரே எண்ணில் போய் விழுவது. 35, 36 இரண்டையும் 36 ஆக்கினால் முதலில் விடுபடும் கட்டை மற்றதையும் அணைத்துவிடும். எத்தனை கட்டை அழுத்தியிருக்கிறது என்று எண்ணி, கடைசிக் கட்டை விடுபடும்போது மட்டும் ஆஃப் அனுப்புங்கள்.

மாட்டிக்கொண்ட நோட்டை நிறுத்த சிசி 123 (சிசி என்பது பெடல், குமிழ் போன்றவை அனுப்பும் கன்ட்ரோல் செய்தி). பெடல் அழுத்தத்தில் இருந்தால் அதற்கு அடங்காது, முன்பாக பெடலுக்கான சிசி 64-ஐ 0 ஆக்கி அனுப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிசி 120.

கேள்வி: மேப் போட்ட பிறகு கிராஷ் தட்டு ஒலிக்கிறது, ஆனால் கையால் பிடித்தால் நிற்கவில்லை.

பதில்: ரோலண்ட் வகைக் கிட்டுகளில் தட்டைப் பிடிப்பது பாலிஃபோனிக் ஆஃப்டர்டச் (ஒவ்வொரு நோட்டிலும் உள்ள அழுத்தத்தைத் தனியாகச் சொல்வது) செய்தியாக வருகிறது. அதற்குள்ளும் நோட் எண் இருக்கிறது. 49 என்ற கிராஷை 57 ஆக்கிவிட்டு ஆஃப்டர்டச்சை 49-இலேயே விட்டிருப்பீர்கள். அதே அட்டவணையை அதற்கும் ஓட்டுங்கள். ரெடிமேட் ப்ளக்இன்கள் பல இதைத் தொடுவதே இல்லை.

கேள்வி: ஹை-ஹாட் பெடல் சிசி 4 அனுப்புகிறது. என் லைப்ரரியோ மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது என்று தனித்தனி நோட் கேட்கிறது.

பதில்: ஸ்கிரிப்ட் கடைசியாக வந்த சிசி 4 மதிப்பை நினைவில் வைத்திருக்க வேண்டும். 42 அல்லது 46 வந்தவுடன் அந்த மதிப்பைப் பார்த்து நோட்டைத் தேர்ந்தெடுக்கும். எல்லைகளை யாரிடமும் கேட்காதீர்கள். பெடலை மெதுவாக மிதித்து மிடி மானிட்டரில் உங்கள் கால் என்ன எண் தருகிறது என்று பாருங்கள். எல்லையை ஒட்டிக் கால் நடுங்கினால் ஒலி மாறி மாறி வரும். மேலே ஏற ஒரு எல்லை, கீழே இறங்க நான்கைந்து எண் குறைவாக இன்னொன்று வையுங்கள். மிதித்து மூடும் சத்தம் 44, அதற்குத் தனி வரி வேண்டும்.

கேள்வி: கீபோர்டை இரண்டாகப் பிரித்து இடது கை சேனல் 2, வலது கை சேனல் 1 என்று வைத்தேன். பெடல் வலது பக்கம் மட்டும் வேலை செய்கிறது.

பதில்: பெடல் செய்தியில் நோட் எண் கிடையாது. ஆகவே பிரிக்கும் விதி அதைப் பார்ப்பதில்லை, வந்த சேனலிலேயே போய்விடுகிறது. சிசி 64-ஐ இரண்டு சேனலுக்கும் நகல் எடுத்து அனுப்புங்கள். பிட்ச் பெண்ட், மாடுலேஷன் விஷயத்தில் நகல் வேண்டுமா என்பது உங்கள் ரசனை. இடது கையில் பேஸ் இருந்தால் பெண்ட் வேண்டாம் என்பேன்.

கேள்வி: சேனல் 10-க்கு மட்டும் வடிகட்டும் ஸ்கிரிப்ட், ஒன்றுமே செய்யவில்லை.

பதில்: திரையில் 1 முதல் 16, பைட்டில் 0 முதல் 15. ரீப்பரின் ஜேஎஸ் (ரீப்பருக்குள் எழுதும் நிரல்) போல நேராகப் பைட்டைப் படிக்கும் இடத்தில் 9 என்று எழுதுங்கள். சேனல் 10-இன் நோட்-ஆன் ஹெக்ஸில் (16 அடிமான எண்) 99. லாஜிக் ஸ்கிரிப்டரில் 1 முதல் 16 தான், அங்கே 10 என்றே எழுதலாம். புரோகிராம் எண்ணிலும் இதே கண்ணாமூச்சி உண்டு: ஜெனரல் மிடியில் (ஒலிகளுக்கான பொது எண் வரிசை) சிதார் 105, பைட்டில் 104.

கேள்வி: ஏபிள்டன் லைவில் ஒரே ப்ளக்இனுக்கு நான்கு சேனல் அனுப்ப முடியவில்லை.

பதில்: லைவின் கிளிப்பில் சேனல் எண் நிற்பதில்லை. நான்கு மிடி டிராக் போட்டு, ஒவ்வொன்றின் மிடி டூ-வில் ப்ளக்இன் இருக்கும் டிராக்கையும் அதன் கீழே சேனலையும் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: மேப்பை ரெக்கார்டிங்குக்கு முன்பா, பின்பா வைப்பது?

பதில்: பின்பு. வாசித்தது வாசித்தபடியே இருக்கட்டும், மேப் இசைக்கருவிக்கு முந்தைய இடத்தில் இருக்கட்டும். அடுத்த வருடம் லைப்ரரி மாறினால் ஒரு அட்டவணையை மாற்றினால் போதும். ரீப்பரில் சாதாரண எஃப்எக்ஸில் வைத்தால் பதிவாவது மூல எண், இன்புட் எஃப்எக்ஸில் வைத்தால் மாறிய எண் பதிவாகும். ஒரே விதிவிலக்கு, பதிவை வேறொருவருக்கு ஜெனரல் மிடியாகக் கொடுப்பது. அப்போதும் நகல் எடுத்து மாற்றுங்கள்.

கேள்வி: ஒரு கட்டைக்கு இரண்டு சத்தம் கேட்கிறது சார்.

பதில்: கீபோர்டு தன் ஒலியைத் தானும் எழுப்புகிறது, கணினியும் எழுப்புகிறது. கீபோர்டில் லோக்கல் ஆஃப் செய்யுங்கள், அல்லது சிசி 122-ஐ 0 ஆக்கி அனுப்புங்கள். விர்ச்சுவல் போர்ட் (மென்பொருள்களுக்கு இடையேயான கற்பனைக் கேபிள்) பயன்படுத்தினால் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே போர்ட்டாக இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் ஒரு நோட் சுற்றிச் சுற்றி ஆயிரமாகும்.

கேள்வி: தபலா மிடி லூப்பை மிருதங்க லைப்ரரிக்குத் தானாக மாற்ற முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். இரண்டுக்கும் பொதுவான நோட் வரிசை கிடையாது. லைப்ரரியின் எல்லாக் கட்டையையும் ஒருமுறை தட்டி, எந்த எண்ணில் எந்தச் சொல் என்று அட்டவணை எழுதுங்கள். தபலாவின் 'தா' (dha) இரு கையும் சேர்ந்த அடி. மிருதங்கத்தில் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு நோட்டாக விரிக்க வேண்டும், நோட்-ஆஃபும் இரண்டுக்கும் போக வேண்டும். தொப்பியின் வெலாசிட்டியைத் தனியாகப் பெருக்கும் வசதி வையுங்கள், இல்லாவிட்டால் இடது கை வலது கையை அமுக்கிவிடும். பாயாவை (தபலாவின் இடது கை முழவு) மணிக்கட்டால் அழுத்தி இழுக்கும் கமகம் பிட்ச் பெண்டாக வந்திருந்தால் அதை வடிகட்டிவிடுங்கள். பெண்டிலும் நோட் எண் இல்லை, வலந்தலையின் சுருதியையும் சேர்த்து வளைத்துவிடும்.