சின்டர் செய்த (பொடியை அழுத்தி, உருக்காமல் சூட்டிலேயே ஒட்டவைத்த) மாலிப்டினத்தில் லாந்தனம் ஆக்சைடு கலந்தும் ரோலிங்கில் (உருளைகளுக்கிடையே உருட்டித் தகடாக்கும்போது) விரிசல் விடுகிறது. இன்னும் கூட்டலாமா?

கேள்வி கேட்டவர் ராமநாதபுரம் கடற்கரையோரம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மாலிப்டினம் பொடியோடு 2% லாந்தனம் ஆக்சைடைப் பால் மில்லில் உலர்வாகக் கலந்து சின்டர் செய்கிறார்.

கூட்டாதீர்கள், குறையுங்கள். எடையில் 0.7% போதும், கனஅளவில் அதுவே சுமார் 1.1%. அளவைவிட, துகள் எவ்வளவு பொடிசு, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். சில நூறு நானோமீட்டருக்குள் இருந்து கிரெயினுக்கு (உலோகத்தின் நுண்படிகத்துக்கு) உள்ளே பரவியிருந்தால் டிஸ்லொகேஷனை (படிக அடுக்கில் நகரும் குறையை) மறிக்கும். எல்லையில் இருக்கும் பொடிசுகூட கிரெயின் வளராமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் அங்கே மைக்ரான் கணக்கில் கட்டி தட்டினால் விரிசல் அதிலிருந்தே கிளம்பும். உலர்வாகக் கலக்கும்போது ஆக்சைடு மாலிப்டினத் துகளின் மேலேதான் ஒட்டும். சின்டரிங்கில் அந்த மேற்பரப்பே கிரெயின் எல்லையாகிவிடும்.

ஆகவே உலோகப் பொடியில் கலக்காமல், மாலிப்டினம் ஆக்சைடை ஹைட்ரஜனில் ஒடுக்கி (ஆக்சிஜனை நீக்கி) உலோகமாக்கும் முன்பே டோப் செய்யுங்கள், அதாவது லாந்தனத்தைச் சேர்த்துவிடுங்கள். 1 கிலோ கலவைக்கு மாலிப்டினம் டை ஆக்சைடு 1,324 கிராம், லாந்தனம் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் 18.6 கிராம். நைட்ரேட்டை அயனி நீக்கிய தண்ணீரில் கரைத்து, கிளறிக்கொண்டே தெளித்து உலர்த்துங்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் ஆகவே ஆகாது: அதிலுள்ள பைகார்பனேட் லாந்தனத்தைக் கார்பனேட்டாக வீழ்படிய வைத்துவிடும். கரைசல் கலங்கலாகத் தெரிந்தால் கொட்டிவிடுங்கள். பிறகு நைட்ரஜனில் சூடாக்கி நைட்ரேட்டைச் சிதைக்க வேண்டும். பழுப்புப் புகை வரும், எக்ஸாஸ்ட் கட்டாயம். காற்றில் செய்தால் டை ஆக்சைடு மீண்டும் டிரை ஆக்சைடாகிவிடும். அடுத்து உலர்ந்த ஹைட்ரஜனில் 900–1000 டிகிரி செல்சியஸ். தட்டில் பொடியை மெல்லிசாகப் பரப்புங்கள். குவித்தால் உள்ளே சிக்கும் நீராவி துகளைப் பருக்க வைக்கும்.

எடை பார்ப்பதில்தான் நம் ஊர் ஈரக்காற்று விளையாடும். நைட்ரேட் தண்ணீரை இழுத்துக் கசியும். ஒவ்வொரு முறையும் 1 கிராம் எடுத்து 900 டிகிரியில் சுட்டுப் பாருங்கள்: 0.376 கிராம் ஆக்சைடு மிஞ்ச வேண்டும். குறைந்தால் அந்த விகிதத்தில் நைட்ரேட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். இப்போது வைத்திருக்கும் ஆக்சைடு பாட்டிலும் சந்தேகத்துக்குரியதுதான். முழுக்க ஹைட்ராக்சைடாகிப்போயிருந்தால், நிறுத்துப் போட்டதில் 14% வெறும் தண்ணீர். ஒடுக்கிய பொடியையும் திறந்து வைக்காதீர்கள். அது பிடிக்கும் ஆக்சிஜன் கிரெயின் எல்லையைப் பலவீனமாக்கும்.

200 மெகாபாஸ்கலில் ஐசோஸ்டாடிக் பிரஸ் செய்து (எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தி), 1200 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்தி வாயுவை வெளியேறவிட்டு, 1850-க்கு ஏற்றி நான்கு மணி நேரம் வையுங்கள். அந்த இடை நிறுத்தத்தைத் தவிர்த்தால் துளைகள் மூடிக்கொண்டு வாயு உள்ளேயே அடைபடும். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 9.6 கிராமுக்குக் கீழே வந்தால் ரோலிங்குக்கு அனுப்ப வேண்டாம்.

ரோலிங்கை 1200–1300 டிகிரியில் தொடங்குங்கள். ஓரம் சீக்கிரம் ஆறும், பாஸுக்குப் பாஸ் (ஒவ்வொரு முறை உருளைக்குள் விடும் முன்பும்) திரும்பச் சூடாக்க வேண்டும். நன்றாக உருட்டிய தகட்டில் லாந்தனம் ஆக்சைடும் நீண்டு வரிசையாக நிற்கும். 1000–1200 டிகிரியில் மறுபடிகமாகி (பழைய கிரெயின்கள் போய்ப் புதியவை உருவாகி) நொறுங்கும் சுத்த மாலிப்டினத்தைவிடப் பல நூறு டிகிரி கூடுதலாகத் தாங்குவது அதனால்தான். வெறும் சின்டர் துண்டில் இந்தப் பலன் முழுசாக வராது.

இதற்குப் பிறகும் விரிசல் வந்தால் உடைந்த முகத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். வழவழப்பான கிரெயின் முகங்களில் ஆக்சைடு கட்டிகள் தெரிந்தால் கோளாறு டோப்பிங்கில்; கட்டியே இல்லாமல் எல்லையோடு உடைந்திருந்தால் ஹைட்ரஜனின் டியூ பாயிண்டையும் (அதிலுள்ள ஈரத்தைக் காட்டும் பனிநிலை) பொடியின் ஆக்சிஜனையும் சோதியுங்கள்.