சந்திப்பில் காணாமல் போகும் சைக்கிள் பாதை

கேள்வி: எங்கள் சாலையோரம் பச்சை வண்ணம் அடித்துப் போட்ட சைக்கிள் பாதை, சந்திப்புக்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது, நடுவில் மின்பெட்டி வேறு. இதே தவறு ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நெறிமுறை இல்லாமல் இல்லை. சாலை வடிவமைப்புக்கான நெறிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1962-லேயே சைக்கிள் பாதைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டு, 2015-ல் அதைத் திருத்தியது. சென்னை மாநகராட்சியும் 2014-ல் நடை, சைக்கிள் போன்ற மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கெனத் தனிக் கொள்கையை ஏற்றது. கோளாறு, வேலையை அளக்கும் விதத்தில் இருக்கிறது. போட்ட பாதையின் நீளம்தான் கணக்கில் ஏறுகிறது என்பதால், நேர்ச்சாலையில் வண்ணம் அடித்துவிட்டு, சிக்னல் நேரத்தையும் திருப்பத்தின் வளைவையும் மாற்ற வேண்டிய, போக்குவரத்துக் காவல்துறையின் இசைவும் தேவைப்படும் சந்திப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆபத்தோ சந்திப்பில்தான் அதிகம்: துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி இடப்புறம் திரும்பும்போது, அதன் பக்கவாட்டில் ஒட்டி வரும் சைக்கிள், லாரி ஓட்டுநரின் கண்ணில் படாமலே போகலாம்.

மின்பெட்டி மின்வாரியத்தினுடையது, சாலை மாநகராட்சியினுடையது. பெட்டியை நகர்த்தும் செலவு மதிப்பீட்டில் சேராவிட்டால் பாதைதான் வளையும். அடுத்த சாலைக்கும் பழைய மதிப்பீட்டையே நகலெடுத்தால் பிழையும் கூடவே போகும். பாதை போட்ட பிறகு எத்தனை பேர் அதில் போகிறார்கள், எத்தனை பேர் விலகிச் சாலையில் இறங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்க்காதவரை, அது பிழை என்றே பதிவாகாது. உங்கள் சந்திப்பின் வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்று, வார்டு உறுப்பினரிடம் காட்டுங்கள்.