மதம் பற்றிய வகுப்பு விருப்பப்பாடம்தானே, கிறித்தவம் மட்டும் போதாதா?

கேள்வி இது: அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் மதம் பற்றிய வகுப்புகள் கட்டாயம் இல்லை, விரும்பினால் எடுக்கலாம். அப்படியிருக்க அவை கிறித்தவத்தை மட்டும் கற்பித்தால் என்ன தவறு? மற்ற மதங்களையும் சேர்க்கத்தான் வேண்டுமா?

சேர்க்கத்தான் வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரன். இளங்கலை படித்தது ஒரு கிறித்தவக் கல்லூரியில். வாரத்தில் ஒரு பீரியட் கிறித்தவ மாணவர்கள் வேதபாட வகுப்புக்கு எழுந்து போவார்கள், மற்றவர்களுக்கு நீதிபோதனை. பக்கத்தில் உட்காரும் நண்பன் அங்கே என்ன படிக்கிறான் என்று எனக்குத் தெரியாது. பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்கு ஏன் போகிறோம் என்று அவனுக்கும் தெரியாது. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம், ஒருவர் வீட்டுச் சாமியைப் பற்றி மற்றவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மேற்படிப்புக்கு அமெரிக்கா வந்தபோது, ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் என் துறைக்குச் சம்பந்தமே இல்லாத 'உலக மதங்கள்' வகுப்பில் ஆசைப்பட்டுச் சேர்ந்தேன். இந்தப் பதிலில் பாதி அங்கே பார்த்தது, மீதி அதற்குப் பிறகு தேடிப் படித்தது.

'விருப்பப்பாடம்தானே' என்ற வாதம் எனக்கு நேர்மாறாகப் படுகிறது. பொறியியலோ வணிகவியலோ படிக்கும் மாணவி நான்கு வருடத்தில் மதம் பற்றி எடுக்கப்போவது பெரும்பாலும் ஒரே ஒரு வகுப்பு. அவளாகத் தேடி வந்த அந்த ஒரு வகுப்பிலும் ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமை கேட்டதையே கொடுத்தால் அவள் ஆர்வத்துக்கு என்ன மரியாதை? பட்டியலில் ஒன்றே ஒன்றை வைத்துவிட்டு, விரும்பினால் எடு, இல்லாவிட்டால் விடு என்பதைத் தேர்வு செய்யும் உரிமை என்று சொல்ல முடியாது.

இந்த நிலைமை எப்படி வந்தது என்று பார்த்தால் யார்மீதும் கோபம் வராது. அங்கே மதக் கல்வி தொடங்கியதே பைபிளிலிருந்துதான். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் 1893-ல் 'டிசைப்பிள்ஸ் ஆஃப் கிரைஸ்ட்' சபையினர் பைபிளுக்கென்று ஓர் ஆசிரியர் இருக்கை ஏற்படுத்தினார்கள். அதே மாதிரி டெக்சாஸ் முதலிய இடங்களுக்கும் பரவியது. சபை சம்பளம் கொடுக்கும், பல்கலைக்கழக மாணவர்கள் விருப்பப்பட்டு வந்து படிப்பார்கள். 1909-ல் தொடங்கிய ஆசிரியர் சங்கத்தின் பெயரிலேயே பைபிள் ஆசிரியர்கள் என்றுதான் இருந்தது. 1927-ல் அயோவா பல்கலைக்கழகம் பிராட்டஸ்டண்ட், கத்தோலிக்க, யூத ஆசிரியர்களை ஒரே பள்ளியில் உட்காரவைத்தபோது அது பெரிய துணிச்சல்.

திருப்பம் 1963-ல் வந்தது. பென்சில்வேனியாவில் தினமும் காலையில் பள்ளிக்கூடங்களில் பைபிள் வசனங்கள் வாசிக்கும் வழக்கம் இருந்தது. அரசுப் பள்ளி அதை வழிபாடாக நடத்துவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் நீதிபதி டாம் கிளார்க் இன்னொன்றும் எழுதினார்: மதங்களை ஒப்பிட்டுப் படிக்காமல், அவற்றின் வரலாறு தெரியாமல் ஒருவரின் கல்வி நிறைவடைவதில்லை என்று சொல்லலாம்; பைபிளையும் மதங்களையும் கல்வி நோக்கில் கற்பிப்பதை இந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. பக்தியை ஊட்டுவது வேறு, பக்தியைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்ற கோடு அங்கே தெளிவாக விழுந்தது. மறு வருடமே அந்த பைபிள் ஆசிரியர் சங்கம் 'அமெரிக்கன் அகாடமி ஆஃப் ரிலிஜன்' என்று பெயர் மாறியது. பின்னாளில் அதற்குத் தலைவராக இருந்தவர்களில் ஒருவர் வசுதா நாராயணன். புளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர், ஆழ்வார் பாசுரங்களிலும் ஸ்ரீவைஷ்ணவத்திலும் தோய்ந்தவர். பைபிள் ஆசிரியர்களின் சங்கமாகத் தொடங்கிய அமைப்புக்கு இப்படி ஒருவர் தலைவராக வர முடிந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆகவே சேர்க்கலாமா என்ற கேள்விக்குப் பெரிய பல்கலைக்கழகங்களில் விடை கிடைத்து அறுபது வருடமாகிறது. சின்ன ஊர்க் கல்லூரிகளில்தான் அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

இனி நான் உட்கார்ந்த வகுப்புக்கு வருகிறேன். ஆசிரியர் நல்லவர், உழைப்பாளி. குறை பாடநூலின் அமைப்பில் இருந்தது. ஒவ்வொரு மதத்துக்கும் ஒரே மாதிரி அத்தியாயம்: நிறுவியவர் யார், புனித நூல் எது, அடிப்படை நம்பிக்கைகள் என்ன, பிரிவுகள் எத்தனை. பிராட்டஸ்டண்ட் கிறித்தவத்தை அளவெடுத்துத் தைத்த சட்டையை எல்லோருக்கும் மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. இந்து மதத்துக்கு வந்தபோது நான்கு வேதம், நான்கு வருணம், கர்மம், மறுபிறவி, மோட்சம் என்று இரண்டு வாரத்தில் முடிந்தது. அதில் எங்கள் ஊர் இல்லை. சுடலைமாடனை நிறுவியவர் யார்? அவருக்குப் புனித நூல் எது? கொடை விழாவில் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டில் பாடுகிறார்களே, அந்தக் கதைதான் நூல். அதைக் கேட்டு ஒருவர்மேல் சாமி வந்து ஆடுகிறாரே, அதுதான் அங்கே கொள்கை விளக்கம். என் பாட்டிக்கு மோட்சம் பற்றிக் கவலை இருந்ததாக எனக்கு நினைவில்லை. பேரப்பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரக்கூடாது, கிணற்றில் தண்ணீர் வற்றக்கூடாது, குலதெய்வத்துக்கு வருடம் தவறாமல் பொங்கலிட வேண்டும், இவைதான் அவளுக்கு இருந்த கவலை. அந்த வாழ்க்கை பாடத்தில் ஒரு வரிகூட இல்லை.

மற்ற மதங்களைச் சேர்த்தால் போதாது, சட்டகத்தையும் மாற்ற வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இதற்கு வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1967-ல் மத ஆய்வாளர் நினியன் ஸ்மார்ட் தொடங்கிய துறை கிறித்தவ இறையியலை மையமாக வைக்காமலே நின்று காட்டியது. ஒரு மதத்தைச் சடங்கு, கதை, கொள்கை, ஒழுக்கம், அனுபவம், சமூக அமைப்பு என்று பல முகங்களிலிருந்து பார் என்றார் அவர். பிறகு கோயில், சிலை போன்ற பொருள் வடிவங்களையும் ஒரு முகமாகச் சேர்த்தார். அப்படிப் பார்த்தால் சுடலைமாடனுக்கும் இடம் உண்டு, பிராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வினுக்கும் இடம் உண்டு.

கிறித்தவத்தை மட்டும் வைத்துக்கொள்வோம் என்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இன்னொன்று: மட்டும் வைத்துக்கொண்டால் கிறித்தவமே சரியாக வராது. யூத மரபு தெரியாமல் பவுலின் கடிதங்கள் புரியாது. இஸ்லாமியத் தத்துவவாதிகள் இப்னு சீனாவும் இப்னு ருஷ்தும் இல்லாமல் இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸை விளக்க முடியாது. அவர் விவாதிப்பதே அவர்களோடுதான். ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கும் கிறித்தவத்தைப் பார்க்கவும் பக்கத்து மதங்கள் தெரிய வேண்டும். வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு நேர்த்திக்கடன் செலுத்தும் இந்துக் குடும்பத்தை எந்த அத்தியாயத்தில் வைப்பார்கள்? ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபினர் 1947-ல் சென்னையில் ஒன்றுகூடி தென்னிந்தியத் திருச்சபையை உருவாக்கினார்களே, அதற்கும் இந்தியாவில் சிறுபான்மையாக வாழும் அனுபவத்துக்கும் தொடர்பு உண்டல்லவா? எனக்கு ஒரு வேடிக்கையான லாபமும் கிடைத்தது. சர்ச்சுகளுக்கு நடுவில் வளர்ந்தும் சி.எஸ்.ஐ.க்கும் ஆர்.சி.க்கும் பெந்தெகொஸ்தேக்கும் என்ன வேறுபாடு என்பதை அந்த வகுப்பின் லூத்தர் வாரத்தில்தான் ஒழுங்காகப் படித்தேன். ஊருக்குப் போனபோது பழைய நண்பனோடு அதைப் பற்றியே ஒரு மாலை முழுக்கப் பேசினோம்.

மற்ற மதத்தைப் படிப்பது தன் மதத்துக்கு ஆபத்து என்ற பயம் பழையது. அதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் நம் தரங்கம்பாடியில்தான் இருக்கிறது. 1706-ல் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு மதம் மாற்ற வந்தவர், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் தமிழ் கற்றார், ஏடுகளைச் சேகரித்தார், ஆட்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூலை முடித்தார். சிவனும் விஷ்ணுவும் மட்டுமல்ல, ஐயனாரும் மாரியம்மனும் அதில் உண்டு. அதை அவரது மிஷனுக்குத் துணைநின்ற ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பியபோது அச்சிட மறுத்துவிட்டார்கள். உங்களை அனுப்பியது அஞ்ஞானத்தை வேரறுக்கத்தான், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அங்கிருந்தவர்களின் எண்ணம். நூல் அச்சேறியது 1867-ல், அதுவும் சென்னையில். ஐரோப்பிய வாசகனுக்கு ஐயனார் நூற்றைம்பது வருடம் தாமதமாகக் கிடைத்தார். சபையின் கண்ணோட்டத்திலிருந்தே பார்த்தாலும் இதில் யாருக்கு நஷ்டம்? தன் மக்களை அறிந்துகொள்ளும் வாய்ப்பைச் சபைதான் இழந்தது.

இதற்கு எதிர்த்திசையில் பிரான்சிஸ் குளூனி இருக்கிறார். இயேசு சபைப் பாதிரியார். நம்மாழ்வாரின் திருவாய்மொழியை உரைகளோடு படித்து, அதைப் பற்றி எழுதி, ஹார்வர்டு இறையியல் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர். திருவாய்மொழி படித்ததால் அவர் பாதிரியாராக இல்லாமல் போய்விடவில்லை.

அமெரிக்காவில் அந்தப் பயம் வெளிப்படையாக வெடித்தது 2002-ல். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வட கரோலினா பல்கலைக்கழகம், சேப்பல் ஹில், புதிதாகச் சேரும் மாணவர்களைக் குர்ஆனின் ஆரம்ப கால அத்தியாயங்கள் பற்றிய ஒரு நூலைப் படித்துவிட்டு வரச் சொன்னது. வழக்குப் போட்டார்கள். படிக்க விருப்பமில்லாதவர் ஏன் விருப்பமில்லை என்று ஒரு பக்கம் எழுதித் தந்தால் போதும் என்றது பல்கலைக்கழகம். தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது, கலந்துரையாடல் நடந்தது. எந்த மதத்தைப் பற்றி நாடே கத்திக்கொண்டிருக்கிறதோ அந்த மதத்தின் நூலை அமைதியாக உட்கார்ந்து படிக்க இடம் தருவது பல்கலைக்கழகத்தின் வேலை. வேறு யார் செய்வார்கள்?

எதிர்வாதங்களில் நான் மதிப்பது ஒன்றைத்தான். சின்னக் கல்லூரியில் ஒரே ஆசிரியர், அவர் படித்தது புதிய ஏற்பாடு. தெரியாத ஐந்து மதங்களை அவர் அரைகுறையாக நடத்துவதைவிடத் தெரிந்ததை ஆழமாக நடத்தட்டுமே? நியாயம்தான். அப்படியானால் வகுப்பின் பெயரைக் 'கிறித்தவம்' என்றே வைக்கட்டும், 'மதம்' என்று வைத்துவிட்டு ஒன்றை மட்டும் நடத்த வேண்டாம். அடுத்த நியமனம் வரும்போது வேறு மரபு தெரிந்தவரை எடுக்கட்டும். அதுவரை பக்கத்துக் கல்லூரியோடு சேர்ந்து கொள்ளலாம். மாசசூசெட்ஸில் ஆம்ஹெர்ஸ்ட், ஸ்மித் உள்ளிட்ட ஐந்து நிறுவனங்கள் ஒருவர் மாணவர் மற்றவர் வகுப்பில் உட்கார அனுமதிக்கின்றன. எல்லா மதத்தையும் ஒரே பருவத்தில் அடைத்துத் திணிப்பதைவிட, கிறித்தவத்தோடு வேறு ஒன்றையோ இரண்டையோ எடுத்து மூல நூல், சடங்கு, இன்று வாழும் மக்கள் என்று ஊன்றி நடத்துவது எனக்குப் பிடிக்கும்.

சபைகளே நடத்தும் தனியார் பல்கலைக்கழகங்கள் தங்கள் இறையியலை முதன்மையாக வைப்பது அவர்கள் உரிமை. நான் பேசுவது எல்லோர் வரிப்பணத்திலும் நடக்கும் இடங்களைப் பற்றி.

இந்தியாவைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு 1948-49லேயே இதை யோசித்திருக்கிறது. பட்டப்படிப்பின் முதல் வருடத்தில் புத்தர், கன்பூசியஸ், சாக்ரடீஸ், இயேசு, சங்கரர், ராமானுஜர், முகம்மது நபி, கபீர், நானக், காந்தி முதலியோரின் வாழ்க்கை. இரண்டாம் வருடத்தில் பல மத நூல்களிலிருந்து தேர்ந்த பகுதிகள். மூன்றாம் வருடத்தில் மதம் பற்றிய தத்துவச் சிக்கல்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனங்களில் மதபோதனை கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 28-வது பிரிவு. மதங்களைப் பற்றிப் படிப்பது அந்தத் தடைக்குள் வராது என்று உச்ச நீதிமன்றமும் 2002-ல் சொல்லிவிட்டது. சட்டத்தில் இடம் இருக்கிறது. என் பழைய கல்லூரியின் அந்த ஒரு பீரியடில் வேதபாடக்காரர்களும் நீதிபோதனைக்காரர்களும் மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரே அறையில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு கற்றிருப்போம் என்று நினைக்கிறேன்.

இப்படி ஒரு வகுப்பில் சேரலாமா என்று யோசிக்கிற மாணவராக இருந்தால், தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாடத்திட்டத்தை வாங்கி, எந்த மதத்துக்கு எத்தனை வாரம், மூல நூல்களின் மொழிபெயர்ப்பு வாசிக்கச் சொல்கிறார்களா அல்லது பாடநூல் சுருக்கம் மட்டுமா, பக்கத்திலிருக்கும் மசூதிக்கோ கோயிலுக்கோ யூத ஜெப ஆலயத்துக்கோ அழைத்துப் போகிறார்களா என்று பாருங்கள். துறையின் இணையப் பக்கத்தில் ஆசிரியர் எந்த மொழிகளில் படிக்கக்கூடியவர் என்று இருக்கும். கிறித்தவத்தைத் தாண்டி எதுவுமே இல்லையென்றால் துறைத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். அடுத்த ஆசிரியர் நியமனத்துக்கு வாதாடும்போது மாணவர்கள் கேட்கிறார்கள் என்று காட்ட அவருக்கு அந்த மின்னஞ்சல் உதவும்.