அமைப்புகள் பக்கத்தில் எவ்வளவு விளக்கம் வேண்டும்? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் செயலியில் 40 அமைப்புகள். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி விளக்கம் போடச் சொல்கிறார்கள். போடலாமா சார்?

பதில்: வேண்டாம். "ஒலி" என்ற பெயருக்குக் கீழே "ஒலியை இயக்க இதைப் பயன்படுத்தவும்" என்று எழுதி யாருக்கு என்ன பயன்? இப்படி நாலைந்து வெற்று வரிகளைப் பார்த்துவிட்ட கண், அடுத்து வரும் "பழைய கோப்புகள் அழிந்துவிடும்" என்ற வரியையும் தாண்டிப் போய்விடும். ஆபத்தே அங்கேதான்.

கேள்வி: அப்படியானால் எதற்குத்தான் எழுதுவது?

பதில்: சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும் என்பது பெயரை வைத்துத் தெரியாதபோது எழுதுங்கள். தரவு அழியும், மற்றவர்கள் பார்க்க முடியும், செயலியை மூடித் திறந்தால்தான் நடைமுறைக்கு வரும் என்பவையெல்லாம் இந்த வகை.

"தானாக நீக்கு" என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது என்று வையுங்கள். எதை நீக்கும், எப்போது நீக்கும், திரும்பக் கிடைக்குமா? மூன்றும் தெரியாது. முதலில் பெயரைத் திருத்துங்கள்: "குப்பையில் 30 நாள் கிடந்தவற்றை நீக்கு". இனி விளக்கத்துக்கு மிச்சம் ஒன்றுதான்: "நீக்கியதை மீட்க முடியாது." பெயர் கோணலாக இருந்தால் விளக்கம் காப்பாற்றாது. "அறிவிப்புகளை முடக்கு" ஆனில் இருந்தால் அறிவிப்பு வருமா, வராதா என்று எல்லோரும் ஒரு கணம் தடுமாறுவார்கள். வெறும் "அறிவிப்புகள்" போதும்.

கேள்வி: கேள்விக்குறி ஐகானுக்குள் டூல்டிப்பாக (மவுஸை மேலே நிறுத்தினால் தோன்றும் சிறு குறிப்பாக) வைத்தால் பக்கம் சுத்தமாக இருக்குமே?

பதில்: மொபைலில் மவுஸை மேலே நிறுத்திப் பார்க்க வழியில்லை. தெரிந்தே ஆக வேண்டியதை அதற்குள் வைக்காதீர்கள். கூடுதல் தகவலுக்கு வைப்பதானால், மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிகாட்டும் நெறிகளான, 2018-இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1-இன் 1.4.13 விதியைப் பாருங்கள்: எஸ்கேப் போன்ற விசையால் மூட முடிய வேண்டும், மவுஸை டூல்டிப் மேலேயே நகர்த்தினாலும் அது மறையக் கூடாது.

கேள்வி: தட்டச்சு செய்யும் பெட்டிக்குள்ளேயே விளக்கத்தை மங்கலான எழுத்தில் கொடுத்தால்?

பதில்: ஒரு எழுத்து தட்டியதும் மறைந்துவிடும். "5 முதல் 60 நிமிடம் வரை" போன்ற வரம்பைப் பெயருக்கும் பெட்டிக்கும் நடுவில் வையுங்கள். பெட்டிக்குக் கீழே வைத்தால் மொபைல் கீபோர்டு மறைத்துவிடக்கூடும்.

கேள்வி: ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருள்) எங்கள் விளக்கத்தைப் படிப்பதே இல்லை.

பதில்: பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. விளக்கத்துக்கு ஒரு ஐடி கொடுத்து, அதைப் பெட்டியின் எச்.டி.எம்.எல். குறியீட்டில் ஏரியா-டிஸ்கிரைப்டுபை (aria-describedby) என்ற பண்பில் சேருங்கள். அப்படிப் படிக்கும்போது வெறும் எழுத்தாகத்தான் ஒலிக்கும் என்பதால் லிங்கைத் தனியே வெளியில் வையுங்கள். நிறத்தையும் கவனியுங்கள்: வெள்ளைப் பின்னணியில் #999999 சாம்பல் தேறாது, #767676 தேறும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே தேவையான ஒளி வேறுபாட்டு விகிதம் 4.5:1.

கேள்வி: எத்தனை வரி?

பதில்: ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் "மேலும் அறிய". விளக்கம் வரும் இடத்தின் உயரத்தை மட்டும் கட்டிப்போடாதீர்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். "இதை நிறுத்தினால் பழைய செய்திகளை மீட்க…" என்று மூன்று புள்ளியில் வெட்டினால், தொலைந்துபோவது "முடியாது" என்ற சொல்தான்.