பில்டர்கள் சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

கேள்வி: சின்ன அளவில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். பில்டர்கள் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். சந்தா கட்டுவதைத் தவிர வேறு ஏதாவது உண்டா?

நாலு வேலை வரும் என்று நினைத்துச் சேர்ந்தால் ஏமாந்துபோவீர்கள். 2009-லிருந்து மதுரையில் தனி வீடுகள் கட்டிக் கொடுக்கிறேன். சங்கம் மூலமாக இதுவரை ஒரு பார்ட்டிகூட வந்ததில்லை. ஆனாலும் வருடம் தவறாமல் சந்தா கட்டிவிடுகிறேன்.

நான் சேர்ந்ததே சிமெண்டால்தான். தொழில் தொடங்கிய புதிதில் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி ஒரு வீட்டை எடுத்தேன். பேஸ்மட்டம் முடிவதற்குள் சிமெண்ட் விலை ஏறியது. கான்கிரீட் போடும்போது மறுபடி ஏறியது. கடைக்காரரிடம் கேட்டால், "கம்பெனியிலேயே ஏத்திட்டாங்க சார், நான் என்ன பண்ண?" என்றார். வீட்டுக்காரரிடம் பேசிய ரேட் பேசியதுதான். கைக்காசைப் போட்டு முடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான், 2010-ல், பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா சிமெண்ட் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றுவதாக இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. 1941-ல் தொடங்கிய பழைய சங்கம் அது. 2012 ஜூனில் ஆணையம் 11 கம்பெனிகளுக்குச் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் போட்டது. சிமெண்ட் உற்பத்தியாளர்களின் சங்கமும் தப்பவில்லை. 2015-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. வாதங்களைக் கேட்காத ஆணையத் தலைவர் அபராத உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தாராம். 2016-ல் மறுபடி அபராதம். 2018-ல் தீர்ப்பாயம் அதை உறுதி செய்ய, கம்பெனிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. அபராதப் பணம் அரசாங்கத்துக்குத்தான் போகும், எனக்கு ஒரு மூட்டைக்கு அஞ்சு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் மாதம் இருநூறு மூட்டை வாங்குகிற நான் தனியாளாக இந்த வழக்கைப் போட்டிருந்தால் வக்கீல் ஃபீஸிலேயே என் வீடு போயிருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கம்பெனிகள் விலை விவரங்களைப் பரிமாறிக்கொள்ள அந்த உற்பத்தியாளர் சங்கமே மேடையாக இருந்தது என்று ஆணையம் சொன்னது. அதனால் நம் கூட்டத்தில் யாராவது எழுந்து "இனிமே சதுர அடிக்கு இதுக்குக் கீழ யாரும் எடுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தால், நான் டீ குடிக்க வெளியே போய்விடுவேன்.

கோரிக்கை மனுக்களைப் பொறுத்தவரை, மேடையில் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். சிமெண்டுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி கூடாது என்று 2017-லிருந்து மனு மேல் மனு போனது. 2025 செப்டம்பர் 22-ல் 18 ஆனது. பொதுவாக எல்லா வரியையும் மாற்றியபோது இதுவும் குறைந்தது. "எங்களால்தான்" என்று சால்வை போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

எனக்கு உண்மையாகக் கை கொடுத்தது வேறு. ஜிஎஸ்டி வந்த புதிதில் ஆடிட்டரை வைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். ஒருவருடைய தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசி எடுத்தால் வரி இல்லை, மெட்டீரியலும் சேர்த்து எடுத்தால் 18 சதவீதம் என்பது அங்கேதான் தெளிவானது. பாதிப் பேர் அதுவரை தப்பாகத்தான் பில் போட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் வாட்ஸ்அப் குழு. 2024 ஜூலையில் 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்றில், அதாவது விவரம் சரி என்று நாமே உறுதி சொல்லி வாங்கும், அனுமதி வந்தபோது, என்னென்ன பேப்பர் வேண்டும் என்று அதிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய லாபம், சீனியர் அண்ணன் ஒருவர் கொடுத்த அக்ரிமெண்ட் நகல். சிமெண்ட், கம்பி இரண்டுக்கும் அன்றைய விலையை எழுதி, அதற்கு மேல் ஏறினால் வித்தியாசம் வீட்டுக்காரருடையது, இறங்கினால் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு பத்தி. அந்தப் பத்தி இல்லாமல் நான் இப்போது வேலை எடுப்பதே இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். பெரிய ஆட்கள் அதிகமுள்ள இடத்தில் அடுக்குமாடி, எஃப்எஸ்ஐ (மனை அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்ற கணக்கு) என்றே பேச்சு போகும். எம்-சாண்ட் லோடு கிடைக்காத நம் கவலை கடைசி அஞ்சு நிமிடத்தில்தான் வரும். ஃபிளாட் போட்டு விற்பவர் என்றால் 1999-ல் தொடங்கிய கிரெடாய் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனங்களின் சங்கம் உங்களுக்குப் பொருந்தலாம். என்னைப் போல் கான்ட்ராக்ட் எடுப்பவர் என்றால் பில்டர்ஸ் அசோசியேஷனின் உள்ளூர் மையத்தையோ உங்கள் ஊர் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தையோ பாருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன், தெரிந்த உறுப்பினர் யாருடனாவது ஒரு மாதாந்திரக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். பொன்னாடைக்கு எவ்வளவு நேரம், பிரச்சினைக்கு எவ்வளவு நேரம் என்று வாட்சைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.