மகள் வேதியியல் கேட்கிறாள், அதையே படிக்கட்டும்

அம்மா,

மகள் வேதியியல் கேட்கிறாள், மைத்துனர்களோ கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. அதற்காக மைத்துனர்கள் பேச்சைக் கேட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்காதீர்கள். 8 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 7 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 13,700 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டி தனி. வேதியியல்தான் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்ன பெண்ணின் தலையில் இதை ஏற்றுவது நியாயமில்லை.

"பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களே, டீசலில் ஏன் கலப்பதில்லை?" என்று அவள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது, எரிபொருள் எப்படி எரிகிறது என்று பார்க்கும் எரிதல் ஆராய்ச்சிக்காரர்கள் கேட்கும் கேள்வி. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் எரிபொருள் தானே பற்ற வேண்டும். அந்தச் சுபாவத்தை அளக்கும் சீட்டேன் எண் நம் நாட்டு டீசலுக்குக் குறைந்தது 51. எத்தனாலுக்கு 10 வாக்கில்தான். எத்தனாலைப் போன்ற ஆல்கஹால்களில், நான்கு கார்பன் கொண்ட பியூட்டனாலுக்கு 20, எட்டு கார்பன் கொண்ட ஆக்டனாலுக்கு 40 வாக்கில் ஏறுகிறது. காரணம் இதுதான்: ஆல்கஹாலில் ஓஎச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை) ஒட்டிய கார்பனிலிருந்து ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். அங்கே ஆக்சிஜன் சேர்ந்தால் ஆல்டிஹைடு என்ற பொருள் உண்டாகி வினை மந்தமாகிறது. கார்பன் சங்கிலி நீண்டால் தொலைவிலுள்ள கார்பன்களிலும் ஹைட்ரஜன் கழலும். அங்கே எளிதில் உடையும் பெராக்சைடுகள் உருவாகி உடைந்து, சட்டென்று தீப்பிடிக்கும். எத்தனாலைப் போலவே பியூட்டனாலையும் நொதிக்கவைத்துத் தயாரிக்கலாம். ஆனால் லிட்டருக்குப் பத்துப் பதினைந்து கிராம் சேர்வதற்குள் அதுவே நுண்ணுயிரியைக் கொன்றுவிடுகிறது. செய்ய வேண்டிய வேலை இன்னும் நிறைய இருக்கிறது.

அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேருங்கள். துணைப்பாடமாகக் கணிதம் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் எரிதல் ஆய்வுக்குள் போவது கடினம். இரண்டாம் ஆண்டில் பைத்தான் நிரல்மொழியும், எரிதல் வினைகளைக் கணக்கிட இலவசமாகக் கிடைக்கும் கேன்டெரா மென்பொருளும் பழகட்டும். அதோடு வரும் ஜிஆர்ஐ-மெக் 3.0 வினைத் தொகுப்பில் 53 வேதிப்பொருள்கள், 325 வினைகள். மீத்தேன் பற்றுவதற்கு முந்தைய தாமதத்தை 1,200 கெல்வின் வெப்பநிலையிலிருந்து கணக்கிட்டுப் பார்க்கலாம். பலரும் அதிலேயே பியூட்டனாலைப் போட்டுப் பார்த்துப் பிழைச் செய்தி வந்ததும் திகைக்கிறார்கள். அந்தத் தொகுப்பு இயற்கை எரிவாயுவுக்காக எழுதியது, பியூட்டனால் அதில் கிடையாது. பியூட்டனாலுக்கென்று ஆய்வுக்கட்டுரைகளோடு வெளியான தொகுப்பைத் தனியே ஏற்ற வேண்டும்.

மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில், எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு. அதில் தேறினால் ஐஐடியில் எம்.எஸ்சி., பிறகு ஆய்வு உதவித்தொகைக்கான நெட்-ஜேஆர்எஃப் தேர்வு. உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். சென்னை ஐஐடியில் எரிதல் ஆய்வுக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. டேராடூனில் இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் இருக்கிறது. பொறியியல் துறையின் சில ஆய்வகங்கள் எம்.எஸ்சி. படித்தவர்களை எடுப்பதில்லை, அறிவிப்பில் தகுதியைப் படித்துவிட்டு விண்ணப்பிக்கட்டும்.

வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். முனைவர் பட்டம்வரை பத்தாண்டு ஆகும். எம்.எஸ்சி. முடிந்ததும் இதே உறவுக்காரர்கள் வரன் பார்க்க வருவார்கள். ஆய்வு முடியும்வரை அந்தப் பேச்சு வேண்டாம் என்று நீங்களும் உங்கள் கணவரும் இப்போதே அவளுக்கு வாக்குக் கொடுங்கள்.